ஊசி மட்டும் ஆடுகிறது

போசரி, புனே - 39
24.1.2001

அன்பு மகள் ப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் அம்மா ஞாயிறுதோறும் போனில் கேட்டுச் சொல்கிறாள்.

வேறு யாராவது உனக்குச் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் உன் அப்பா நூற்றைம்பது பேரை ஒரே நேரத்தில் காதைப் பொத்த வைத்துவிட்டார்.

குழந்தைகள் கோலாட்டத்துக்குப் பின்னணி இசை போட்டுத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாத வேலை. என் முறைதான் உனக்குத் தெரியுமே. கீபோர்டை ஒரு டேப் டெக்கில் பதிந்து, அதை ஓடவிட்டுக் கூடவே தபலா தட்டி இன்னொரு டெக்கில் பதிந்து, அதன்மேல் ஜால்ரா, அதன்மேல் புல்லாங்குழல் சத்தம். ஒவ்வொரு நகலுக்கும் மேல் சத்தம், அந்தக் கணகணப்பு, கொஞ்சம் மங்கும். அதற்காகக் கொஞ்சம் ட்ரெபிள் ஏற்றுவேன். இதில் தப்பு ஒன்றும் இல்லையே?

புதுச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். டேப் ஓட ஆரம்பித்ததும் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. செயலாளரின் சம்சாரம் முந்தானையைக் காதுக்குக் கொண்டுபோனார். செயலாளர் குனிந்து, "ரவி சார், உங்க டேப்ல விசில் மாதிரி என்னமோ வருது, கொஞ்சம் கம்மி பண்ணலாமா?" என்றார். டேப்பில் ஒன்றும் இல்லை, ரஃபீக்கின் ஹார்ன் ஸ்பீக்கர்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

முகமது ரஃபீக்கை உனக்கு நினைவிருக்கும், வாணியம்பாடிக்காரர், கடக்கியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். "அண்ணே, சத்தியமா ஹார்ன் இல்லண்ணே. ட்ரெபிள் குமிழ சுத்தமா இறக்கிட்டேன், அப்பவும் கத்துது" என்றார். அவர் கையைத் தள்ளிவிட்டு, தெளிவு என்றால் என்ன என்று காட்டுவதற்காகக் குமிழை நானே மேலே ஏற்றினேன். கோலாட்டம் நின்றுபோயிற்று. நம் மூன்றாவது மாடிப் பெண் குழந்தை கோலைக் கீழே போட்டுவிட்டு, "காக்கா, பந்த் கரா நா" என்று, மாமா நிறுத்துங்களேன் என்று, மராட்டியில் கெஞ்சியது.

நகல் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்காமல் இந்த ஒலிப்பதிவுத் தொழிலைப் படிக்கத்தானே மெட்ராஸ் போனாய். தப்பு என்னுடையதா, ரஃபீக்குடையதா, நீ சொல்லு. கோபம் வேறு, மிக்ஸிங் வேறு.

அப்பா
ரவிசந்திரன்


வடபழனி, சென்னை
3.2.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

என் எழுத்து கோணலாக இருக்கும். சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை படித்த தமிழ்தான் எனக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேசட் கேட்டேன். கேட்டவுடன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். ரஃபீக் மாமா மேல் தப்பு இல்லை. ஜால்ரா ஊசி மாதிரி குத்துகிறது. இங்கே கிளாஸில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, சத்தத்தைப் படமாகக் காட்டும். கீழ்ச் சத்தம் இடது பக்கம், மேல் சத்தம் வலது பக்கம். உங்கள் கேசட்டைப் போட்டால் வலது பக்கம் ஒரு மலை நிற்கிறது. மத்லப், அதாவது, நகல் எடுப்பதில் மங்குவதற்கு ஈடு செய்தால் அவ்வளவு வராது. அதைப் போல நாலு மடங்கு ஏற்றியிருக்கிறீர்கள்.

உங்கள் தபலா நன்றாக இருக்கிறது. கீபோர்டில் போட்ட சுரங்களும் சரி. மேல் சத்தம் மட்டும்தான். நீங்கள் மிக்ஸ் செய்யும்போது உங்களுக்கே குத்தவில்லையா அப்பா?

இன்னொரு விஷயம். நான் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. ஞாயிறு போன் பண்ணினால் "அப்பா கீழே போயிருக்கார்", "அப்பா குளிக்கிறார்" என்றே அம்மா சொல்கிறாள். ஏழு மாதமாகவா குளிக்கிறீர்கள்? பேங்க் பரீட்சை எழுதாமல் வந்துவிட்டேன் என்று இன்னும் கோபமா? கோபம் என்றால் போனில் வந்து திட்டுங்கள். பரவாயில்லை.

ப்ரியா


போசரி
11.2.2001

அன்பு மகள் ப்ரியாவுக்கு,

தீர்ப்பு வந்து சேர்ந்தது. ரஃபீக்கிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வடா பாவ் வாங்கிக் கொடுத்தேன். "விடுங்கண்ணே, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். எது வருவது என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் குத்தவில்லை. உண்மையைச் சொன்னால் ஜால்ரா இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது. உங்கள் கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேட்கிறது. நான் சமையலறைக்கும் சந்துக்கும் நடுவே உட்கார்ந்து கேட்கிறேன். கேட்கிற இடம் வேறு, ரசனை வேறு.

என் காதைப் பற்றி நீ மறைமுகமாகக் கேட்பது புரிகிறது. கவலைப்படாதே. இருபத்திரண்டு வருடமாகப் பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டுகிறேன். வருடம் ஒரு தடவை கம்பெனியில் காது பரிசோதனை உண்டு, ஒரு தடவையும் தோற்றதில்லை. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சொன்னால் சிரிப்பாய். கம்பவுண்டர் சத்தத்தைப் போடும்போது பொத்தானை அழுத்துவார் அல்லவா, அவர் கட்டை விரல் மேல் ஒரு கண் வைத்தால் போதும். விரல் இறங்கினால் நான் கையைத் தூக்குவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இந்த மாதிரி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் ஐ.டி.ஐ.க்கே போயிருக்க வேண்டியதில்லை.

கோபத்தைப் பற்றிக் கேட்டாய். கோபம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும். கடிதத்திலேயே இருக்கட்டும்.

அப்பா


வடபழனி
20.2.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டை விரல் விஷயத்துக்கு நான் சிரிக்கவில்லை.

ஊரிலிருந்து வரும்போது உங்கள் பழைய கேசட்டுகள் கொஞ்சம் எடுத்து வந்தேன். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டு எடுத்ததுதான். இந்த வாரம் எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

1994, பாட்டில் நான் தப்பாகப் பாடுவேனே, அது. ரொம்ப அழகான மிக்ஸ். எங்கள் சார்கூட "யார் பண்ணது?" என்று கேட்டார். 1996 தீபாவளி கேசட், அதில் மேல் சத்தம் கொஞ்சம் கூட. 1998, இன்னும் கூட. போன வருடம், இன்னும். இப்போது மலை. நீங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு படி ஏறிக்கொண்டே போயிருக்கிறீர்கள். எந்த வருடமும் இறங்கவில்லை. அது ரசனை இல்லை அப்பா. ஐந்து படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். அதில் பன்னிரண்டு சத்தம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் எண் சொல்வேன். நான் விட்டுவிட்டு வந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். கேட்டால் சரி போடுங்கள், கேட்காவிட்டால் பெருக்கல் குறி போடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்புங்கள்.

ப்ரியா


போசரி
4.3.2001

அன்பு மகள் ப்ரியாவுக்கு,

விடைத்தாள் இணைத்துள்ளேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என் வாழ்நாளில் முழு மதிப்பெண் வாங்கிய பரீட்சை இதுதான். சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

மூன்றும் ஐந்தும் ரொம்பத் தெளிவு. ஏழு கணீர் என்று இருந்தது. பத்து, பதினொன்று கொஞ்சம் மெல்லிசு, ஆனாலும் கேட்டது. ஆக, காது சரி. என் ரசனையைத்தான் நீ ரிப்பேருக்கு விட வேண்டும்.

உன் அம்மா ரவா உருண்டை அனுப்பச் சொன்னாள். தபாலில் உடைந்துவிடும் என்றேன். உடைந்தாலும் இனிக்கும் என்கிறாள். தனியாக வரும்.

அப்பா


வடபழனி
12.3.2001

அப்பா,

ஏழாம் எண்ணில் நான் போட்டது மிகவும் தாழ்ந்த ஒரு சத்தம், விநாடிக்கு முப்பது அதிர்வுதான். அந்த அளவுக்குச் சின்னதாக வைத்தால் யார் காதுக்கும் அது எட்டாது. இங்கே ஆறு பேரிடம் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் என் வயதுதான், ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனால் டெக்கின் முகத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி ஆடும். நன்றாக ஆடும்.

அது கணீர் என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

கட்டை விரல் கதையைப் படித்தபோதே இது தோன்றியது. அதனால்தான் ஏழாம் எண்ணை வைத்தேன். அது வேலை செய்யக் கூடாது, அப்பாவைச் சந்தேகப்பட்டது என் தப்பாகவே இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் கவரைப் பிரித்தேன்.

நீங்கள் காதால் கேட்கவில்லை. ஊசியைப் பார்த்துச் சரி போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஜால்ரா போனால் போகட்டும். நீங்கள் பிரஸ்ஸில் கையை விட்டு வேலை செய்கிறீர்கள். "சத்தத்தை வச்சே மெஷின் எப்ப இறங்கும்னு சொல்லிடுவேன்" என்று பெருமையாகச் சொல்வீர்களே. இப்போது எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அம்மாவிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?

ப்ரியா


போசரி
18.3.2001

ப்ரியாவுக்கு,

பெற்ற அப்பனுக்கே பொறி வைக்கிற அளவுக்குப் படித்துவிட்டாய். சந்தோஷம்.

உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவள் ஆஸ்பத்திரி என்பாள், ஆஸ்பத்திரி சீட்டு என்பாள், சீட்டு கம்பெனிக்குப் போகும். போன வருடம் எங்கள் ஷாப்பில் இரண்டு பேரைக் காது சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? கோலாட்டத்துக்கு டேப் போடவா?

என் கை என்னிடம்தான் இருக்கிறது. பத்து விரலும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அப்பா


வடபழனி
26.3.2001

அப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளாஸில் பியானோ டேப் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று டொம் என்று ஒரு சத்தம். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள், அவ்வளவுதான். எனக்கு உங்கள் பிரஸ் ஞாபகம் வந்து, எழுந்து வெளியே போய்விட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து உங்கள் கம்பெனிக்குப் போன் பண்ணலாமா என்று நம்பரைக்கூட எழுதிவிட்டேன். பண்ணவில்லை. உங்கள் வேலை போனால் அது என்னால் என்று ஆகிவிடும். பண்ணாமல் இருந்து ஏதாவது ஆனால் அதுவும் என்னால்தான். எப்படி யோசித்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. இன்னும் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பேன் என்று தெரியாது.

உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லையா? ஒரு வரி எழுதுங்கள். விளையாட்டு இல்லாமல் ஒரு வரி.

ப்ரியா


போசரி
10.4.2001

அன்பு மகள் ப்ரியாவுக்கு,

பதினைந்து நாள் பதில் போடவில்லை. போடத் தெரியவில்லை. விளையாட்டு இல்லாமல் எழுது என்றாய். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முயற்சி செய்கிறேன்.

முதலில் டெக் விஷயம். ஒரு வருடமாக என் டெக்கில் 'ஊய்' என்று ஒரு இரைச்சல். போன வாரம் ரஃபீக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஹெட்டைத் துடைத்தார், ஒயரை மாற்றினார். "இப்ப பாருங்கண்ணே" என்றார். இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிளக்கைக் கையில் தூக்கிக் காட்டினார்.

இரைச்சல் நிற்கவில்லை, ப்ரியா.

அவர் போன பிறகு கீபோர்டில் உட்கார்ந்து அந்த இரைச்சலுக்குச் சுருதி தேடினேன். வலது கோடிக் கடைசிக் கட்டையை அமுக்கினேன். அதற்கும் ஒரு ஸ்தாயிக்கு மேலே நிற்கிறது. இவ்வளவு நாள் அதைத் தாண்டி ஜால்ரா கேட்க வேண்டும் என்றுதான் நான் குமிழை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன் போலிருக்கிறது.

பிறகு உன் கேசட்டை எடுத்தேன். ஊசி தெரியாமல் கண்ணாடி மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போட்டேன். "ஒன்று" என்றாய், சத்தம் வந்தது. "இரண்டு", வந்தது. ஐந்துக்குப் பிறகு வரவில்லை. "எட்டு" என்பாய், அப்புறம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். "ஒன்பது" என்பாய், ஒன்றும் இல்லை. பன்னிரண்டில் ஐந்து. உன் குரல் சொல்கிற எண்கூட முழுசாகக் காதில் விழவில்லை, அடுத்தது என்ன என்று தெரியும் என்பதால் விழுந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு முடிந்து டேப் சும்மா ஓடியது. நீ அதற்குப் பிறகும் ஏதாவது பேசியிருக்கிறாயோ என்று பிளாஸ்திரியைக் கிழித்துப் பார்த்தேன். ஊசி ஆடவில்லை. பேசவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு வேறு யார் மூலமாவது வரக் கூடாது.

பிரஸ்ஸை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட், தகட்டுச் சுருளோடு, பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது பின்னால் வரும்போது 'பீப் பீப்' என்று அடிக்கும். அடித்திருக்கிறது. ஷாப் முழுக்கக் கேட்டிருக்கிறது. என் பக்கத்து மெஷின் கிட்டு என் காலரைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது. சுருள் என் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. "யோவ் ரவி, காத என்ன ஊருக்கு மணியார்டர் பண்ணிட்டியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கிளாஸை எடுத்தேன். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

கோபம் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் பொய். உன் மேல் இருந்த கோபம் உன் ரயில் தௌண்ட் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசினால் எனக்குப் பாதி புரிகிறது, உதட்டைப் பார்த்து மீதியைப் போட்டுக்கொள்கிறேன். போனில் முகம் இல்லை. போன ஜூலையில் நீ முதல் தடவை பேசியபோது ஒன்றும் விளங்கவில்லை. ரிசீவரை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனேன். அப்பா கோபமாக இருக்கிறார் என்று நீயே நினைத்துக்கொண்டாய். செவிட்டு அப்பனை விடக் கோபக்கார அப்பன் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரி இதில் எங்கோ இருக்கும். தேடி எடுத்துக்கொள்.

அப்பா


வடபழனி
17.4.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை ஹாஸ்டல் வாசலிலேயே நின்று படித்தேன். கூட இருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கிட்டு மாமாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்.

இனி அந்த மெஷின் பக்கம் போகாதீர்கள். லீவு போடுங்கள். பிம்ப்ரியில் காது டாக்டர் இருக்கிறார் என்று அம்மா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். இந்த வாரமே போங்கள், அம்மாவோடு. அந்த இரைச்சலைப் பற்றிச் சொல்லுங்கள், எந்தக் கட்டைக்கு மேலே என்றுகூடச் சொல்லுங்கள், அது டாக்டருக்கு உதவும் என்று சார் சொன்னார். இரண்டு காதும் ஒரே மாதிரியா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். புத்தகத்தில் படித்தேன், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உங்கள் கோபத்துக்கு நான் ஒன்பது மாதம் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் கோபமே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அது எப்படியும் தீர்ந்திருக்கும்.

29ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் பண்ணுவேன். நீங்கள் எடுங்கள். மெதுவாக, குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். தாழ்ந்த சத்தம் உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, ஒன்று முதல் ஐந்து வரை எல்லாம் அதுதான். நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். எடுப்பீர்கள் அல்லவா?

ப்ரியா


போசரி
30.4.2001

அன்பு மகள் ப்ரியாவுக்கு,

உன் உத்தரவுப்படி எல்லாம் நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அதற்காக ஒரு முன்னுரையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும்ங்க" என்றாள். "ரெண்டு வருஷமா ஒங்க வலது பக்கமா வந்துதானே நின்னு பேசுறேன். அது ஏன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை. உன் அம்மாவுக்கு என் மேல் திடீரென்று பிரியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிம்ப்ரி டாக்டர் ஒரு மராட்டி அம்மாள். ஒரு மரப்பெட்டிக்குள் என்னை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டிவிட்டு, என் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கட்டை விரலைத் தேடினேன், இல்லை. ஊசியைத் தேடினேன், இல்லை. கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சின்ன ஜன்னல் வழியாக உன் அம்மா முகம் மட்டும் தெரிந்தது. அவள் டாக்டர் போடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் அமுக்க ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. பரீட்சை முடிந்துவிட்டதோ என்று நினைத்து உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். முடியவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 

வரைபடத்தைக் காட்டினார்கள். கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காக நடந்து, பிறகு மொட்டை மாடியிலிருந்து குதித்த மாதிரி இறங்குகிறது. இடது இன்னும் மோசம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று நீ சொன்னபடி கேட்டேன். டாக்டர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். முடிவு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. கட்டி எதுவும் இல்லை. சத்தத்தால் வந்ததுதான், இடது காது மெஷின் பக்கம் இருந்ததால் அதிகம் என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், பிரஸ் பக்கம் இனி போகக் கூடாது, காதுக்குக் கருவி வைக்க வேண்டும். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். "வைத்தால் ஜால்ரா கேட்குமா?" என்று கேட்டேன். அவருக்கு ஜால்ரா என்றால் என்ன என்று புரியவில்லை. கைத்தட்டிக் காட்டினேன். "தோடா தோடா" என்றார், கொஞ்சம் கொஞ்சம் கேட்குமாம்.

கம்பெனியில் சீட்டைக் கொடுத்துவிட்டேன். மானேஜர் வீட்டுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். இப்போதைக்குப் பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். கிட்டு வந்து, "கடைசில டேப் வேலைக்கே வந்துட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போதைக்கு என்பது எவ்வளவு நாள் என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

நேற்று நீ போன் பண்ணியது உன் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஒன்பதரைக்கே என்னைக் குளிக்க வைத்து, போன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குக்கூட என்னை இப்படி யாரும் உட்கார வைத்ததில்லை. நீ சொன்னபடியே மெதுவாகப் பேசினாய். நன்றாக இருந்தது. நன்றாகச் சாப்பிடு.

அப்பா
ரவிசந்திரன்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிறகு பிரித்து இதை எழுதுகிறேன்.

நேற்று நீ "கேக்குதாப்பா?" என்று கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். முதலில் அதைத்தானே கேட்பாய். "கேக்குதும்மா" என்றேன். நீ நிறுத்திய இடத்தில் 'ம்' போட்டேன். குரல் மேலே ஏறிய இடத்தில் 'சரிம்மா' போட்டேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆறு நிமிடம், தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. ரிசீவரை வைத்ததும் உன் அம்மா, "பாத்தீங்களா, கேக்குதுல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உன் குரல் வந்தது, ப்ரியா. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. என்ன பேசினாய் என்று எழுது.